ஹேங்கரில் தொங்கிய சாவி

எங்கள் தையல் கூடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. சட்டையில் எந்தப் பாகத்தைத் தைக்கிறோமோ அதுதான் பெயர். நான் காலர். பக்கத்து மெஷின்காரி, கைநுனிப் பட்டி தைப்பவள், கஃப். அவளுக்கு அடுத்தவள் பாக்கெட். எதிர் வரிசையில் முதுகுத் துணி தைப்பவளை முதுகு என்றே கூப்பிடுவோம். "முதுகு, உன்னைத்தான், திரும்பு" என்று யாராவது குரல் கொடுத்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

கஃப் என் தம்பி மனைவி. நான்தான் அவளை இங்கே கூட்டி வந்து சேர்த்துவிட்டேன். வீட்டிலும் அண்ணி, கூடத்திலும் அண்ணி என்று நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். வாயாடி. அவள் வாய் ஓய்ந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் சீக்கிரம் சார். காலையில் மெஷின் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்பே "சீக்கிரம்" என்பார். மணி அடித்து வீட்டுக்குக் கிளம்பும்போதும் "சீக்கிரம்" என்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வாய்க்கு வேறு வார்த்தை பழக்கமில்லை.

கூடத்தின் மறுகோடியில், துணி வெட்டும் மேசைகளைத் தாண்டி, பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன. மற்றதற்குப் பூட்டு. எங்களுக்கெல்லாம் முந்தின காலத்தில் எவளோ ஒருத்தி உள்ளே போய்த் தூங்கிவிட்டாளாம், அன்றிலிருந்து அந்தப் பூட்டு. சாவி அடிக்கடி தொலைந்துபோனதால், இனி தொலையவே கூடாது என்று அதை ஒரு பெரிய மர ஹேங்கரில் கட்டி, சீக்கிரம் சாரின் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார்கள். கோட்டு மாட்டுகிற அகலமான ஹேங்கர். பையில் திணிக்க முடியாது, துணிக்குள் மறைக்க முடியாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் முழு நீளத்துக்கும், வெட்டு மேசை ஆண்கள் அத்தனை பேரையும் தாண்டி நடக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று தண்டோரா போடுகிற வேலையை ஹேங்கரே பார்த்துக்கொள்ளும். பாதி தூரம் போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும்: "சீக்கிரம் வாங்க! பீஸ் நிக்குது!"

இதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டில் ஒரு வாய் டீ, மதியம் சாப்பாட்டோடு தொண்டையை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். அதன் பலனும் எங்களுக்கே கிடைத்தது. யாராவது ஒருத்திக்கு எப்போதும் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம், இடுப்பு வலி. பொம்பளை உடம்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

இப்படி லீவு போடுகிறவர்கள் அதிகமாகவே முதலாளி ஒரு நர்ஸை வேலைக்கு வைத்தார். நல்ல உயரம். நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடும் வெள்ளை ஷூ. எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டோம். அவர் அறை ஆபீஸ் பக்கம், இஸ்திரிப் பிரிவுச் சுவருக்கு அப்பால் இருந்தது. ஆபீஸ் கழிப்பறைக்குப் பூட்டும் கிடையாது, ஹேங்கரும் கிடையாது. அதனால் எங்கள் ஹேங்கர் எதற்கு என்பதே அவருக்குத் தெரியாது.

வந்த வேகத்தில் சிஸ்டர் எங்கள் ஜுரத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர் போதவில்லை! அது சரிதானே. ஆளுக்கொரு நீல பாட்டில் வந்தது, அதன்மேல் 'தண்ணீரே முதல் மருந்து' என்று எழுதியிருந்தது. முதலாளி தன் கையாலேயே வழங்கினார், பேசினார், நாங்கள் கை தட்டினோம். அவர் பாட்டிலை நீட்டிக்கொண்டு சிரிக்கும் போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள்.

"மதியம் மணி அடிக்கிறதுக்குள்ள பாட்டில் காலியாகணும். நான் வந்து பார்ப்பேன்" என்றார் சிஸ்டர். நாங்கள் எல்லோரும் நன்றாகத் தலையாட்டினோம்.

சொன்னபடியே தினமும் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு பாட்டிலிலும் சொட்டுத் தண்ணீர் இருக்காது. சிஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? இஸ்திரிப் பிரிவில் ஒரு தொட்டி உண்டு. ஆவி இஸ்திரிக்கு வேண்டிய தண்ணீரை அதில்தான் நிரப்புவார்கள். முன்பெல்லாம் இஸ்திரி அண்ணன் முற்றத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வருவார். பாட்டில் வந்தபின் அவர் வாளியைக் கையால் தொடவில்லை. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து, தைத்த பீஸைக் கொடுக்கப் போவது போலப் போய், பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவோம். "மகராசிங்களா, நல்லா இருங்க" என்று அவர் எங்களை வாழ்த்துவார். சட்டைகள் அப்படி மொடமொடவென்று வந்தன.

ஆனால் ஜுரம் மட்டும் நிற்கவில்லை. சிஸ்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். "இவ்வளவு குடிச்சும் எப்படி வருது? தண்ணியிலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லி, சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பினார். சுத்தமான தண்ணீர் என்று பதில் வந்தது. நம்பாமல் வடிகட்டியை மாற்றினார். பிறகு குழாயையே மாற்றினார். புதுக் குழாயில் பிடித்த தண்ணீரையும் நாங்கள் பத்திரமாக இஸ்திரிக்குக் கொடுத்தோம்.

அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, கஃப்பின் வாய் ஓயும் வரை.

அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் காலையிலிருந்து அவள் வாயிலிருந்து அண்ணி என்ற சொல்லே வரவில்லை. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா கறாரானவர். "சிறுநீர்த் தொற்று. இது உங்களுக்கு ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை வந்துச்சுன்னா குழந்தை நாள் ஆகுறதுக்கு முன்னாடியே பிறந்துடலாம். அப்படி இப்பவே பிறந்தா பிழைக்க வைக்கிறது கஷ்டம். புரியுதா? தண்ணி நிறைய குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன் டாக்டர்" என்றாள் இவள், கண்ணைக்கூட இமைக்காமல்.

"அடக்கி வைக்கக் கூடாது. வந்த உடனே போயிடணும்."

"போயிடுறேன் டாக்டர்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, டாக்டர்கிட்டயுமா புளுகுவே? சத்தியம் பண்ணு. நாளையிலேருந்து முழு பாட்டிலும் உன் வயித்துக்குள்ளதான் போகணும்."

"சத்தியம் அண்ணி" என்றாள். வேலைக்கு வராதே என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தம்பிக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில் ஓடியது.

மறுநாள் அவள் குடித்தாள். என் காலரை அடித்துப் பிடித்து முடித்துவிட்டு அவளுடைய கஃப்பிலும் நான் கை வைத்தேன். அவள் எழுந்து போனால் ஆணி காலியாக இருக்கும், ஹேங்கரோடு வேறொருத்தி போயிருப்பாள். திரும்பி வந்து காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுபடி போவாள். ஹேங்கர் கிடைத்தால் பின்னாலேயே "சீக்கிரம் வாங்க!" துரத்தும். மதியத்துக்குள் வெட்டு மேசையில் ஒருத்தன் ஆரம்பித்துவிட்டான். "இன்னைக்கு ஹேங்கருக்கு ஓய்வே இல்ல போலிருக்கே." நாலு பேர் சிரித்தார்கள். அவள் காது மடல் சிவந்துபோனதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவனைப் பிடித்து அவன் வெட்டிய துணியோடு சேர்த்துத் தைத்துவிடலாமா என்று இருந்தது.

அந்த வாரக் கடைசியில் இஸ்திரி மெஷினின் சூடேற்றும் கம்பி எரிந்துபோனது. இஸ்திரி அண்ணன் புதுக் கம்பி வாங்கக் கடைக்குப் போய்விட்டார். இஸ்திரி ஓடவில்லை என்றால் தொட்டித் தண்ணீர் குறையாது என்பது எங்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மணி அடிக்கும் நேரம் வந்ததும் வழக்கம்போல எழுந்து போனார்கள், வழக்கம்போலக் கவிழ்த்தார்கள். தொட்டி நிரம்பி, வழிந்து, சுவரின் அடியில் இருந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போனது.

எனக்கு அது தெரியாது. நான் பார்த்தது வேறு. கஃப் எழுந்து, பாட்டிலோடு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கணமே எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. பின்னாலேயே ஓடினேன். பாட்டில் தலைகீழாக இருந்தது.

"என்னடி பண்றே? சத்தியம் பண்ணியேடி!"

அவள் திரும்பவில்லை. "முடியல அண்ணி. அந்த ஹேங்கரைத் தூக்கிக்கிட்டு இன்னொரு தடவை என்னால நடக்க முடியாது. எல்லாரும் பாக்குறாங்க."

"குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"தெரியும்" என்றாள். தோள் குலுங்கியது. "தெரியும் அண்ணி."

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. சிஸ்டரின் ஷூ! கீச் கீச் போய், தண்ணீரில் நனைந்து சளக் சளக். தன் அறைக்குள் எங்கிருந்து வெள்ளம் வந்தது என்று ஈரத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

தொட்டியைப் பார்த்தார். கவிழ்ந்த பாட்டிலைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பாக்கெட், முதுகு, இன்னும் ஏழெட்டுப் பேர் நீல பாட்டிலும் கையுமாக வரிசையில் நின்றதையும் பார்த்தார். கையும் களவுமாக என்பார்களே, அது அன்றைக்கு எங்களுக்குத்தான் பொருந்தும்.

"எல்லாருமா?" என்றார். குரலே எழும்பவில்லை. "இத்தனை நாளாவா?"

ஆளாளுக்குப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பாக்கெட்டுக்கு மட்டும் எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. "இஸ்திரி நல்லா வருது சிஸ்டர்" என்றாள்.

எனக்குள் ஏதோ உடைந்தது. விறுவிறுவென்று நடந்து போய், ஆணியில் தொங்கிய ஹேங்கரை எடுத்து வந்து சிஸ்டரின் கையில் திணித்தேன். "அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்க சிஸ்டர். சும்மா போயிட்டு வாங்க. அப்புறம் எங்களை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு அன்று பிடித்துப்போனது. ஹேங்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. வெட்டு மேசைக் கத்திரிகள் நின்றன. சீக்கிரம் சார் குனிந்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணில் ஹேங்கர் தெரிந்ததும் தலை நிமிராமலேயே கத்தினார்: "சீக்கிரம் வாங்க! பீஸ் நிக்குது!"

சிஸ்டர் நின்றார். மெதுவாகத் திரும்பினார். சீக்கிரம் சார் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சிஸ்டர் மீதித் தூரத்தையும் நடந்தார். பூட்டைத் திறந்து பார்த்தார். அடுத்த கதவை இழுத்தார், ஒரு பெட்டி அவர் காலடியில் விழுந்தது. அதே நீளத்தைத் திரும்பி நடந்து எங்களிடம் வந்தபோது அவருக்கும் காது மடல் சிவந்திருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நான் தண்ணியை லேபுக்கு அனுப்பினேன்! அந்தக் கதவைத்தானே கழட்டி அனுப்பியிருக்கணும்!"

எங்களுக்கும் பற்றிக்கொண்டது. கஃப்கூட அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சிஸ்டர் அவள் தோளில் கை வைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

மறுநாள் காலையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இனிமே இந்தத் தொட்டிக்கு நான் காவல். பாட்டில்ல இருக்கிறது வயித்துக்குத்தான் போகணும். குடிச்சிட்டு யாரும் அடக்கிக்கிட்டு உக்காரக் கூடாது. எழுந்து போங்க. எல்லாரும் போங்க."

"பீஸ் நிக்குமே சிஸ்டர்?"

"நிக்கட்டும்."

குடித்தோம். கூடமே மொத்தமாகக் குடித்தது. குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவது அத்தனை சுகம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. பாக்கெட் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பை அடக்க முடியாது. முதலில் ஒருத்தி எழுந்தாள், பிறகு நாலு பேர், பிறகு வரிசை. கஃப்பை எல்லோரும் சேர்ந்து முதல் ஆளாக நிறுத்தினோம். அவளுக்குப் பின்னால் முதுகு, நான், பாக்கெட், பட்டன், பட்டன் துளை என்று ஒரு முழுச் சட்டையே வரிசையில் நின்றது. வெட்டு மேசையைச் சுற்றி வளைந்து, சீக்கிரம் சாரின் மேசையைத் தொட்டு, வாசல் வரை போனது. ஹேங்கர் கைமாறிக் கைமாறிப் பறந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரும் கத்திப் பார்த்தார். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் தானே ஓய்ந்துபோனார். வெட்டு மேசைக்காரன் கேலி பேச வாயெடுத்தான். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டான்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதி ஆபீஸ் வரைக்கும் எட்டிவிட்டது. டீ கிளாஸோடு முதலாளி ஓடி வந்தார். "என்ன இது, ஸ்டிரைக்கா?"

"இல்ல சார்" என்றார் சிஸ்டர், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. "தண்ணி குடிச்சிருக்காங்க. நீங்க கொடுத்த பாட்டில்தான்."

முதலாளி சுவரைப் பார்த்தார். அங்கே அவரே பாட்டிலை நீட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு ஹேங்கரைப் பார்த்தார். "அது என்ன?"

"சாவி சார்" என்றார் சீக்கிரம் சார். "தொலையாம இருக்கிறதுக்கு."

"எதுக்குப் பூட்டு? கழிப்பறையை எவன்யா தூக்கிட்டுப் போகப் போறான்?"

யாரோ களுக்கென்றாள். அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. நான் விடவில்லை. "என் தம்பி பொண்டாட்டி வயித்துல குழந்தை இருக்கு சார். அந்த ஹேங்கருக்குப் பயந்துதான் அவ தண்ணி குடிக்காம கிடந்தா. குழந்தைக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன். என் குரல் உடைந்தது. அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை.

முதலாளி கஃப்பைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைப் பார்த்தார். அதைப் பக்கத்து மெஷின்மேல் வைத்தார். "அந்தப் பக்கத்து ரூம்ல என்ன?"

"பெட்டிங்க சார்."

"காலி பண்ணச் சொல்லுய்யா. அந்தப் பூட்டையும் உடை." சீக்கிரம் சார் அசையாமல் நிற்கவே, முதலாளி கத்தினார்: "சீக்கிரம்யா!"

எங்கள் சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்திருக்கும். இலவசத் தண்ணீர் போன வருத்தத்தை மறந்து, இஸ்திரி அண்ணன்தான் சுத்தியலோடு முதலில் ஓடினார். பெட்டிகளை நாங்களே கைக்குக் கை மாற்றி வெளியே கடத்தினோம். பாதிக்கு மேல் காலிப் பெட்டிகள். இத்தனை வருஷமாகக் காற்றுக்கு ஒரு கழிப்பறையை ஒதுக்கி வைத்திருந்தோம்! கழுவித் துடைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டோம். ஹேங்கரை சிஸ்டர் எடுத்துக்கொண்டார். "என் கோட்டு மாட்ட ஒண்ணு தேவைப்பட்டுச்சு" என்றார்.

கஃப் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொற்று இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அவள் வாய் பழையபடி ஓடத் தொடங்கியது. வெறுங்கையை வீசிக்கொண்டு கூடத்தில் அவள் நடந்து போவாள், ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். நானும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்வேன். கூடத்தில் ஜுர லீவு குறைந்தது, கோணல் தையலும் குறைந்தது. இதெல்லாம் தன்னுடைய மேற்பார்வையால்தான் என்று சீக்கிரம் சார் ஆபீஸில் சொல்லிக்கொண்டாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி வந்தது. குழந்தை வரவில்லை. தேதி தாண்டியது. தம்பி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அதன் பிறகு ஒருநாள், நல்ல வெயில் ஏறிய பொழுதில், ஆற அமர வந்து சேர்ந்தாள் எங்கள் வீட்டுப் பெண். கொழுகொழுவென்று, இரண்டு கையிலும் மடிப்பு விழுந்து, கூரை பறக்கிற மாதிரி ஒரு அழுகையோடு.

கூடத்திலிருந்து எல்லோரும் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு பாகமாகச் சேர்ந்து தைத்த குட்டிச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். காலர் மட்டும் என்னுடையது. சிஸ்டர் குழந்தையை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்ப்பது போல ஆட்டினார்.

கடைசியாகக் கதவோரம் தயங்கித் தயங்கி சீக்கிரம் சார் வந்தார். கையில் ஒரு பொட்டலம். நாங்கள் சிரிப்பு வந்துவிடாமல் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டோம். கஃப் குழந்தைக்குச் சின்னக் கரண்டியால் மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். குட்டிக்கு என்ன அவசரமோ, இருந்த தெம்பையெல்லாம் கூட்டி ஒரேயடியாக உறிஞ்சிப் புரையேறி இருமினாள்.

அந்த மனிதர் பதறிப்போய்ப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார்.

"மெதுவா" என்றார். "மெதுவா குடிம்மா. மெதுவா."